பினாங்கு மொட்டைமாடியில் விண்தூசி தேடுவது எப்படி

பென்னு சிறுகோளிலிருந்து 121.6 கிராம் மண்ணைக் கொண்டுவர நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்துக்கு ஏழு ஆண்டு பிடித்தது. உயிர்கள் புரதம் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 14 அந்த மண்ணில் இருந்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அதுபோன்ற கார்பன் மிகுந்த சிறுகோள்கள் உதிர்க்கும் தூசி பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளின் மேலும் விழுகிறது. வரும் வேகத்தில் பெரும்பாலானவை உருகிவிடுவதால் அவற்றில் அமினோ அமிலம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சூரியக் குடும்பம் உருவான காலத்துப் பொருள் அது, அதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம்.

ஊருக்குள் இதைப் பிரித்தெடுக்கவே முடியாது என்றுதான் ஆய்வாளர்கள் நீண்டகாலம் நினைத்திருந்தார்கள். நார்வேயின் ஜாஸ் கிட்டார் கலைஞர் யோன் லார்சன் விடவில்லை. ஓஸ்லோ, பாரிஸ், பெர்லின் கூரைகளில் சேர்ந்த சுமார் 300 கிலோ வண்டலை அலசி 500 நுண்விண்கற்கள், அதாவது விண்தூசி மணிகள், எடுத்தார். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மேத்யூ கெஞ்ச் அவற்றைச் சோதித்து உறுதிசெய்ய, 2017-இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. அந்தக் கணக்கை மனதில் வையுங்கள்: கிலோவுக்கு ஒன்றோ இரண்டோ. முதல் பையில் ஒன்றுகூட இல்லாமல் போவது சகஜம்.

கூரையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. தகரக் கூரை வேண்டாம், துருச்செதில் முழுவதும் காந்தத்தில் ஏறிவிடும். பழைய ஓட்டுக் கூரையும் வேண்டாம், ஓட்டுப்பொடியில் இரும்பு அதிகம். சுற்றுச்சுவர் உள்ள, தட்டையான, சிமெண்டுத் தளம் நல்லது. 50 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பக்கத்தில் வெல்டிங் பட்டறையோ புதுக் கட்டுமானமோ இருந்தால் வேறு இடம் பாருங்கள். அடுக்குமாடி என்றால் நிர்வாகத்திடம் கேட்டு, சாவியோடு ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏறுங்கள். பினாங்கில் பிற்பகல் இடி மின்னல் சொல்லாமல் வரும், ஆகவே காலை எட்டு மணிக்கே ஏறி பத்துக்குள் இறங்கிவிடுவது உத்தமம். மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் தோது.

தளத்தின் நடுவில் தேடாதீர்கள். மழைநீர் இறங்கும் துளையைச் சுற்றியும், தண்ணீர் தேங்கிக் காய்ந்த மூலைகளிலும் கறுப்பு வண்டல் படிந்திருக்கும். கனமான மணிகள் அங்கேதான் தங்கும். பிளாஸ்டிக் முறமும் மென்மையான தூரிகையும் கொண்டு இரண்டு கிலோ அள்ளி, ஜிப் பையில் போட்டு, இடமும் தேதியும் எழுதுங்கள். முகக்கவசமும் ரப்பர் கையுறையும் கட்டாயம். புறா எச்சமும் எலிச் சிறுநீரும் கலந்த மண் அது. எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது கழுவல். வாளியில் வண்டலைப் போட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கலக்குங்கள். சோப்பு இல்லாவிட்டால் நுண்மணிகள் நீரின் மேல் மிதந்து கலங்கலோடு போய்விடும். பத்து விநாடி விட்டு, மேலே நிற்கும் கலங்கலை மட்டும் சாய்த்துக் கொட்டுங்கள். தண்ணீர் தெளியும்வரை ஆறேழு முறை செய்ய வேண்டும். கொட்டுவதைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும், பூச்செடிக்கு ஊற்றலாம். ஈர வாளியை அப்படியே வைத்துவிடாதீர்கள், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். மிஞ்சிய மணலைப் பீங்கான் தட்டில் பரப்பி ஒரு பகல் வெயிலில் காயவிடுங்கள். நன்றாகக் காயாத மணல் சல்லடையில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

சல்லடை இரண்டு வேண்டும். முதலில் அரை மில்லிமீட்டர் துளையுள்ள டீ வடிகட்டி, பெரிய கல்லை விலக்க. அடுத்தது டி-சர்ட் அச்சடிப்போர் பயன்படுத்தும் 43டி வலை, துளை ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். இந்த வலையின் மேல் நிற்பதுதான் நமக்கு வேண்டியது. நாம் தேடும் மணிகள் பெரும்பாலும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர்.

இப்போது காந்தம். 50 சென் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய நியோடிமியம் வட்டு போதும். அதை வெறுமையாக மணலில் வைத்துவிட்டால் ஒட்டியதைப் பிரித்தெடுக்கவே முடியாது. சிறு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மணல்மேல் மெதுவாக நகர்த்துங்கள். வெள்ளைத் தாளுக்கு மேலே கொண்டுவந்து, பைக்குள்ளிருந்து காந்தத்தை உருவினால் ஒட்டியதெல்லாம் தாளில் உதிரும். காந்தத்தில் ஒட்டாத கண்ணாடிவகை நுண்விண்கற்கள் இந்த முறையில் தப்பிவிடும். தொடக்கத்தில் அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பார்க்க 40 மடங்கு ஸ்டீரியோ நுண்ணோக்கி சிறந்தது. யூஎஸ்பி நுண்ணோக்கியும் உதவும், ஆனால் பெட்டியில் அச்சிட்ட ‘1000 மடங்கு’ என்பதை நம்பி வாங்காதீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், அப்போதுதான் மேற்பரப்பின் வரிகள் எழுந்து தெரியும்.

புதிதாகத் தேடுபவர் எல்லாரும் ஏமாறும் இடம் இது. கண்ணாடிபோல் மின்னும், கச்சிதமான கறுப்பு உருண்டை கிடைத்ததும் கை நடுங்கும். அநேகமாக அது வெல்டிங் பொறி. கிரைண்டர் பொறியும் அப்படியே உருகி உருண்டையாகும். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் கொளுத்தும் வாணவேடிக்கையிலிருந்து நீலமும் பொன்னுமாக அழகழகான உருண்டைகள் வரும். நிறமற்ற கண்ணாடி மணி, சாலைக்கோட்டுப் பெயிண்டில் கலப்பது. கூரான முனைகளோடு கறுப்பாகக் கிடப்பவை மாக்னடைட், இல்மனைட் என்ற இரும்புக் கனிம மணிகள். பினாங்குத் தீவே கிரானைட், ஆகவே கட்டுமான மணலில் இவை ஏராளம்.

அசலின் முகம் வேறு. பளபளப்பு மங்கியிருக்கும். வளைவின்மேல் சீப்பு வாரியதுபோல் இணைகோடுகள் ஓடும், அவை ஆலிவின் என்ற கனிமத்தின் படிகப் பட்டைகள். சிலவற்றில் மரக்கிளைபோல் கிளைத்த மாக்னடைட் படிகங்கள் மேற்பரப்பை மூடியிருக்கும். உருண்டையைவிட முட்டை வடிவம் நம்பிக்கை தரும். ஒரு முனையில் சிறு உலோக மணி புடைத்து நின்றால் இன்னும் நல்லது: உருகியபோது முன்பக்கம் ஒதுங்கிய இரும்பும் நிக்கலும் அது. ஈரப்படுத்திய பல்குச்சி நுனியால் தொட்டெடுத்து, குழியுள்ள கண்ணாடித் தகட்டில் வைத்து எண் இடுங்கள். தும்மினால் போயிற்று, அந்த நேரம் மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

கண்ணால் பார்த்து ‘கிடைத்துவிட்டது’ என்று அறிவிக்க வேண்டாம். மெக்னீசியம், சிலிக்கான், இரும்பு ஆகியவற்றின் விகிதத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே உறுதி. அதற்கு ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தை அணுகும்போது ஐந்தாறு நல்ல மணிகளின் படங்களோடு போங்கள், குப்பைப் பையோடு போகாதீர்கள்.

விண்ணிலிருந்து வந்ததன் தடயத்தைப் பாறையளவில் பார்க்க வேண்டுமானால் பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்குக்குப் போகலாம். அங்கே புக்கிட் பூனோவில் விண்கல் மோதி உருகிய சூவைட் பாறைக்குள் கற்கருவிகள் சிக்கியிருப்பதை நம் பினாங்கு யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழக) ஆய்வாளர்கள் கண்டெடுத்து, 18.3 லட்சம் ஆண்டு என்று காலம் கணித்திருக்கிறார்கள். மனிதத் தடமும் விண்ணின் தடமும் ஒரே கல்லில் இருப்பது எத்தனை அபூர்வம்!

கூரையிலிருந்து இறங்கும் முன் ஒரு வேலை மிச்சம். அள்ளிய மூலைகளோடு முழுத் தளத்தையும் சுத்தமாகக் கூட்டி, அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜனவரியில் அங்கே கிடைப்பது அந்த ஓராண்டுக்குள் வந்து விழுந்தது என்று அப்போதுதான் சொல்ல முடியும்.