போக்கிமான் சீட்டுக்கட்டை அமைத்துச் சோதிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் உடன் ஆட ஆள் கிடைப்பது அரிது என்பதால், கட்டைப் பெரும்பாலும் தனியாகவே சோதிக்க வேண்டியிருக்கும். கட்டில் சரியாக 60 அட்டைகள் இருக்க வேண்டும். தாக்குவதற்குத் தேவையான ஆற்றலைத் தரும் அடிப்படை எனர்ஜி அட்டைகளைத் தவிர, ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் கூடாது. நான்கு வைத்தாலும், முதலில் எடுக்கும் 7 அட்டைகளில் அவற்றுள் ஒன்றேனும் வர ஏறத்தாழ 40 விழுக்காடு வாய்ப்புதான் உண்டு. ஆகவே தொடக்கத்திலேயே தேவைப்படுபவற்றை நான்காகவும், பின்னர் உதவுபவற்றை ஒன்றிரண்டாகவும் வையுங்கள்.

பிறகு கட்டை நன்றாகக் கலைத்து, ஏழு அட்டைகளைக் கையில் எடுத்து, ஆறைப் பரிசு அட்டைகளாக (எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுத்துக்கொள்பவை) ஒதுக்கி, எதிராளி இருப்பதாகவே எண்ணிச் சில சுற்றுகள் ஆடி, எந்தச் சுற்றில் முதன்முதலாகத் தாக்க முடிந்தது என்று குறித்து வையுங்கள். எனர்ஜி கையில் தேங்கிக்கொண்டே இருந்தால் ஒன்றிரண்டைக் குறைக்கலாம். ஒரே ஒரு மோசமான கையைப் பார்த்துக் கட்டு முழுவதையும் பிரித்து மாற்றுவது அவசரம். மாமாக் உணவுக்கடையில் ஆடுவதென்றால் அட்டைகளுக்கு உறை கட்டாயம், தே தாரிக் என்னும் பால் தேநீர் சிந்திய மேசை அட்டையை ஊற வைத்துவிடும். இல்லாத அட்டைக்குப் பெயரெழுதிய தாளை உறைக்குள் செருகி ஆடிப் பார்த்து, பயன்பட்டால் மட்டும் ஈப்போ நகருக்குப் போய் வாங்குங்கள்.