வியன்னா–பிராட்டிஸ்லாவா ரயில்: கடைசியில் தீர்ந்த குழப்பம்

ஆஸ்திரியாவின் வியன்னா, ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா: இந்த இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனாலும் வியன்னாவிலிருந்து காலையில் போய் இரவு திரும்பும் திட்டம் பல நாட்கள் இழுத்தது. தேடும்போதெல்லாம் போகும் ரயில் ஒரு நிலையத்தில் நின்றது, திரும்பும் ரயில் வேறெங்கிருந்தோ கிளம்பியது.

முதலில் படகைப் பார்த்தேன். டான்யூப் ஆற்றில் போகும்போது ஒன்றேகால் மணி நேரம், திரும்பும்போது நீரோட்டத்தை எதிர்த்து வருவதால் ஒன்றரை மணி நேரம். அழகான வழிதான், ஆனால் கட்டணம் அதிகம், குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓடாது. அப்புறம் பேருந்து. பழைய நகரை ஒட்டிய பாலத்தடியிலேயே இறக்கிவிடும், ஆனால் எங்களுக்கு வேண்டிய மாலை நேரத்தில் இடம் இல்லை.

சரி, மறுபடி ரயில். வரைபடத்தில் தண்டவாளத்தைப் பின்தொடர்ந்தபோதுதான் புரிந்தது. வியன்னாவிலிருந்து இரண்டு பாதைகள் உண்டு. மார்செக் வழியாகப் போவது ஆற்றின் வடக்கே ஹ்லாவ்னா ஸ்டானிட்சா என்ற முதன்மை நிலையத்துக்கு. கிட்சே வழியாகப் போவது தென்கரையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய பெட்ருஷால்காவுக்கு. இரண்டுமே ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தால் இரண்டும் கலந்து வரும், அல்லது ஒன்று மட்டும் வரும்.

நிலையப் பெயரை முழுதாகக் கொடுத்து இரண்டையும் தனித்தனியே தேடினேன். கோட்டைக்கு நடக்க வசதியாக ஹ்லாவ்னாவில் இறங்கி, இரவு பெட்ருஷால்காவில் ஏறினோம். ‘பிராட்டிஸ்லாவா டிக்கெட்’ என்ற போக வர ரயில் டிக்கெட் இரண்டு பாதைக்கும் செல்லும். பழைய நகரிலிருந்து பெட்ருஷால்கா ஆற்றுக்கு அக்கரை, அதனால் நகரப் பேருந்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.