ராணுவ ஆட்சிக் கால ஆட்கொணர்வுத் தீர்ப்பை எப்படிப் படிப்பது?

ஆட்கொணர்வு என்றால், பிடித்து வைத்த ஆளை முன்னால் கொண்டுவந்து காவல் சரியா என்று பார்க்கச் சொல்லி நீதிமன்றத்தில் போடும் மனு. அந்தத் தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள், தூக்கம்தான் வரும். முதலில் தீர்ப்புத் தேதியைப் பார்த்து, அன்றைக்கு ஆட்சியில் இருந்தது யார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பழகிப் பார்க்க பாகிஸ்தான் வழக்குகள் நல்லவை, அங்கே நீதிமன்றத்துக்கும் ராணுவ ஆட்சிக்கும் ஒரே சண்டை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

அடுத்து, ஆளை எந்த ஆணையின் கீழ் பிடித்தார்கள், நடுவில் அது மாறியதா? அஸ்மா ஜிலானி வழக்கின் சூட்சுமமே இதுதான். 1971 டிசம்பரில் அவருடைய அப்பா மாலிக் குலாம் ஜிலானியைப் பாகிஸ்தான் பாதுகாப்பு விதிகளின் கீழ் பிடித்தார்கள். மகள் லாகூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், அரசுக்கு நோட்டீஸும் போனது. உடனே பழைய ஆணையை ரத்து செய்துவிட்டு, ஆளை வெளியே விடாமலே, ராணுவச் சட்ட ஒழுங்குவிதி 78-இன் கீழ் புது ஆணை போட்டார்கள். சாதாரண விதி என்றால் நீதிபதி காரணம் கேட்பார். ராணுவச் சட்டம் என்றால், ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் 1969-இல் போட்டுவைத்த உத்தரவுப்படி நீதிமன்றம் அந்தப் பக்கமே வரக்கூடாது. உயர் நீதிமன்றமும் எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று கைவிரித்தது.

அப்புறம், அந்தக் கைவிரிப்புக்கு முட்டுக்கொடுத்த பழைய தீர்ப்பைத் தேடுங்கள். இங்கே அது 1958-இன் டோசோ தீர்ப்பு: ஆட்சிக் கவிழ்ப்பு ஜெயித்துவிட்டால் அதுவே சட்டம். அதனால் உச்ச நீதிமன்றத்தில் கேள்வி ஜிலானியைத் தாண்டி, உத்தரவு போட யாஹ்யாவுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று போனது. 1972 ஏப்ரல் 20 அன்று தலைமை நீதிபதி ஹமூதுர் ரஹ்மான் தலைமையிலான அமர்வு டோசோவைத் தூக்கிப்போட்டு, யாஹ்யா ஆட்சியைப் பறித்தவர் என்றே எழுதியது. காவலும் செல்லாது.

சரி, இப்போது நீங்கள் குறித்த தேதியைப் பாருங்கள். யாஹ்யா பதவியை விட்டு நாலு மாதம் ஆகியிருந்தது, ஆண்டுகொண்டிருந்தவர் புட்டோ. ஜிலானி பிடிபட்டதும் புட்டோ வந்த பிறகுதான் என்பது தனிக் கூத்து. 1977-இல் அந்தப் புட்டோவையே ராணுவச் சட்ட ஆணை 12-இன் கீழ் உள்ளே வைத்தபோது, அவர் மனைவி நுஸ்ரத் மனு போட்டார். இந்த முறை, புட்டோவைக் கவிழ்த்த ஜெனரல் ஜியா உல் ஹக் அசையாமல் பதவியில் இருந்தார். நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், 'தேவைக் கோட்பாடு' (நாட்டைக் காக்க வேறு வழியில்லை என்றால் சட்டத்தை மீறியதும் செல்லும் என்ற வாதம்) என்று சொல்லி மனுவைத் தள்ளியது.

தள்ளுபடி என்ற வரியோடு மூடிவைத்துவிடாதீர்கள். ராணுவச் சட்ட ஆணைகளை ஆராயும் அதிகாரம் எங்களிடம்தான் இருக்கிறது என்று அதே தீர்ப்பு ஒரு கதவைத் திறந்து வைத்தது. அது சும்மா எழுதிய வரி இல்லை: 1981 மார்ச்சில் ஜியா தற்காலிக அரசமைப்பு ஆணை கொண்டுவந்து அந்தக் கதவைச் சாத்தினார், நீதிபதிகள் புதிதாகப் பதவிப்பிரமாணம் எடுக்க வேண்டும் என்றார், எடுக்காதவர்கள் வீட்டுக்குப் போனார்கள், 1977 தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி அன்வாருல் ஹக் உட்பட.