ஒரே சட்டியில் சமைக்கலாம், ஒரே அளவில் பரிமாறாதீர்கள்: பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் என்று எங்கே பார்த்தாலும் நம்ம வீடுகளில் பாட்டி, அம்மா, மகள் மூவரும் ஒரே சமையலறையில் புழங்குவது சகஜம். ஒரே சட்டியில் சமைப்பதில் தப்பே இல்லை, ஆனால் 15 வயதுப் பெண்ணுக்கும் 35 வயது தாய்க்கும் 70 வயதுப் பாட்டிக்கும் "குறைச்சுச் சாப்பிடு, கொஞ்சம் நட" என்று ஒரே அறிவுரையைக் கொடுக்கிறோமே, அங்கேதான் தப்பு தொடங்குகிறது. உடம்பு கேட்பது வயதுக்கு வயது மாறிக்கொண்டே இருக்கும்.

வயசுக்கு வந்த பெண்ணை விளையாட்டிலிருந்து நிறுத்துவது முதல் தவறு. எலும்பு கெட்டிப்படுகிற காலமே அதுதான், ஓட்டமும் குதிப்பும் நெட்பாலும் நடனமும் எலும்புக்குத் தேவை. 9 முதல் 18 வயது வரை நாளைக்கு 1300 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், ஒரு கப் பாலிலோ அமாசி என்கிற புளித்த பாலிலோ சுமார் 300 கிடைக்கும், மீதிக்குக் கீரை, பீன்ஸ், முள்ளோடு சாப்பிடுகிற டின் பில்சார்ட் மீன். தக்காளி போட்டு வைக்கிற அந்த மீன் குழம்பில் முள்ளைத்தான் பொறுக்கி எடுத்துப் போடுகிறோம்! மென்மையாக வெந்த முள், அப்படியே மசித்துச் சாப்பிடலாம்.

அப்புறம் இரும்புச்சத்து. மாதவிலக்கு உள்ள வயதில் நாளைக்கு 15 முதல் 18 மில்லிகிராம், கர்ப்பத்தில் 27, மாதவிலக்கு நின்ற பிறகு வெறும் 8. அதனால் மகளுக்குக் கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையை "எனக்கும் களைப்பா இருக்கு" என்று அம்மாவும் எடுத்துப் போடுவது சரியில்லை, ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் போட வேண்டும். இளம்பெண் எப்போதும் சோர்ந்து கிடந்தால் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் அவளையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். இன்னொன்று, சாப்பாட்டோடு பால் டீ குடிக்கிற பழக்கம். பீன்ஸிலும் கீரையிலும் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீ தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், பீன்ஸ் கறியில் எலுமிச்சை பிழியுங்கள், அந்த நேரத்தில் ஏதாவது குடித்தே ஆக வேண்டும் என்றால் ரூய்போஸ் மூலிகை டீ பரவாயில்லை.

கர்ப்பிணியிடம் "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று சொல்லாத வீடு உண்டா? முதல் மூன்று மாதத்தில் கூடுதல் கலோரி பெரும்பாலும் தேவையே இல்லை, அடுத்த மூன்று மாதத்தில் நாளைக்குச் சுமார் 340, கடைசியில் சுமார் 450. அளவைவிடத் தரம்தான் முக்கியம், அதிலும் ஃபோலிக் அமிலம். இங்கே 2003 முதல் மக்காச்சோள மாவிலும் ரொட்டி மாவிலும் அதைச் சேர்க்கச் சட்டம் இருக்கிறது, நல்ல விஷயம், ஆனால் அதை மட்டும் நம்பி மாத்திரையை விடக் கூடாது. குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் வேலை முதல் நாலு வாரத்திலேயே, கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே, பெரும்பாலும் முடிந்துவிடும். அதனால் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்க வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காமல் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு வயிற்றைக் குறைக்கிற அவசரத்தில் பட்டினி கிடப்பதும், உடனே ஓடத் தொடங்குவதும் வேண்டாம். பால் கொடுக்கிற தாய்க்குக் கூடுதலாகவே பசிக்கும், சாப்பிடத்தான் வேண்டும். முதலில் நடை, சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசையைச் சுருக்கி விடும் பயிற்சி, அப்புறம்தான் மற்றவை. இருமும்போது சிறுநீர் கசிந்தால் பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள், சரிசெய்ய வழி இருக்கிறது, கிளினிக் சிஸ்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி பரிசோதிக்க வேண்டும், நம்மில் பலர் பிள்ளையைக் கவனிப்பதில் இதை விட்டுவிடுகிறோம். இந்திய வம்சாவளியினருக்கு உடல் எடை ரொம்பக் கூடாமலேயே சர்க்கரை நோய் வருகிறது, அதனால் எடையை மட்டும் பார்க்காமல் இடுப்பளவையும் பாருங்கள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தொட்டால் கவனம் வேண்டும்.

புரட்டாசி விரதத்தில் இறைச்சியை நிறுத்திவிட்டு உருளைக்கிழங்கு கறி, வெள்ளைச் சோறு, ரொட்டி, பொரித்த பலகாரம் என்று மாதத்தை ஓட்டுவதும் தவறுதான். இறைச்சி போன இடத்தில் பருப்பு, சுகர் பீன்ஸ் என்கிற காய்ந்த பீன்ஸ், சோயா மின்ஸ் வர வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் காவடிக்காக நாள் முழுக்கப் பட்டினி இருப்பதானால், முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள், முருகன் கோபிக்க மாட்டார்.

நாற்பதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் "தினம் நடக்கிறேனே" என்பார்கள். நடை நல்லதுதான், வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும். ஆனால் மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் எலும்பும் தசையும் வேகமாகக் கரைகின்றன, அதைத் தடுக்க நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது கனம் தூக்க வேண்டும். ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, 2 லிட்டர் பால் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் சுமார் 2 கிலோ, கைக்கு ஒன்று. நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள், பழகியதும் அந்தப் பாட்டில்களைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். இருட்டில் தனியாக நடக்கப் பயம் என்பது இங்கே நியாயமான பயம். சனிக்கிழமை காலையில் டர்பன் நார்த் பீச்சில் நடக்கும் பார்க்ரன் என்கிற பொது ஓட்டத்துக்குக் கும்பலாகப் போங்கள், 5 கிலோமீட்டர், இலவசம், முழுதும் நடந்தே முடிக்கலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புழுக்கம் அதிகம், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பாட்டிமார்களின் ராத்திரிச் சாப்பாடு. ஒரு கப் டீ, இரண்டு ரொட்டித் துண்டு, "வயசான உடம்புக்கு இது போதும்மா." போதாது! கிழட்டு உடம்புக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், கிலோவுக்குச் சுமார் 1 கிராம் முதல் 1.2 கிராம் வரை, அதாவது 60 கிலோ இருப்பவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் வெந்த பீன்ஸில் 15. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்ட வேண்டும். 65க்கு மேல் வாரத்தில் மூன்று நாள் உடம்பின் நிலை தடுமாறாமல் இருக்கப் பயிற்சி செய்ய வேண்டும்: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி, அப்புறம் அடுத்த கால். யாராவது பக்கத்தில் நில்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும் வரை காத்திராமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.