மாரிகாலச் சூறாவளி நெருங்கும்போது குடாநாட்டின் பாதிப்பைக் கணிக்கும் முறை

ஐப்பசி பிறந்து மார்கழி முடியும்வரை வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிவிட்டது என்ற செய்தி வந்தவுடன் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் கேட்பது அது எங்கே கரையைக் கடக்கும் என்பதையே. அதைவிட நமக்கு அவசியமான கேள்விகள் இரண்டு உள்ளன. அதன் மையம் குடாநாட்டுக்குத் தெற்காகப் போகுமா வடக்காகப் போகுமா என்பது ஒன்று. எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பது மற்றையது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த பெங்கல் புயல், அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் நமது கிழக்குக் கரையோரமாக ஊர்ந்து சென்றபோதே யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டது. கரை கடக்கும் இடத்தை மட்டும் பார்த்திருந்தவர்களுக்கு அந்த வெள்ளம் எதிர்பாராததாக இருந்தது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலிலிருந்தே தொடங்க வேண்டும். அதனுடன், இவ்வட்டாரத்துச் சூறாவளிகளுக்குப் பெயரிடும் புதுடில்லி மையத்தின் பாதை வரைபடத்தையும் காரைக்கால் ராடார் படத்தையும் பார்ப்பது நல்லது. பாக்குநீரிணைக்கு மேலே திரளும் மழைமேகங்களை அந்த ராடார் நெருங்கிநின்று காட்டுகிறது. வரைபடங்களில் சர்வதேச நேரம் குறிக்கப்பட்டிருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ள வேண்டும். மையம் செல்லக்கூடிய எல்லையைக் காட்டும் விரிந்த வலயத்தின் நடுக்கோட்டை மட்டும் நம்பக் கூடாது. ஒரு நாளுக்கு முன்பு கூறப்படும் இடத்திலேயே சராசரியாக 70, 80 கிலோமீற்றர் பிசகு இருக்கும், யாழ். நகரிலிருந்து முல்லைத்தீவு நேர்கோட்டில் ஏறக்குறைய 100 கிலோமீற்றர்தான் என்பதை எண்ணினால் அந்தப் பிசகின் பருமன் விளங்கும். இரண்டு நாட்களுக்கு முன்பு ஒருவர் ஊர்ப்பெயரைச் சொல்லி இங்கேதான் கரை கடக்கும் என்று அடித்துச் சொன்னால், அதைப் பிறருக்கு அனுப்பாமல் இருப்பதே பொறுப்பான செயல்.

வகுப்புப் பெயர்களும் ஏமாற்றக்கூடியவை. மணிக்கு 31 முதல் 49 கிலோமீற்றர் வரை காற்று வீசினால் தாழமுக்கம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழமுக்கம், 62 அல்லது அதற்கு மேற்பட்டால் சூறாவளி என்பது காற்றை வைத்துச் செய்யப்பட்ட பிரிப்பே தவிர, மழையை அளந்து சொல்வதன்று. 2025 நவம்பரில் இந்நாட்டில் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட டித்வா, காற்றின் வேகத்தால் சாதாரண சூறாவளி என்ற படியைத் தாண்டவில்லை. 2008 நவம்பரில் நிஷா இலங்கைக்கு மேலேயே உருவாகி, மெதுவாக வடக்கே நகர்ந்து காரைக்கால் பக்கம் போனபோது குடாநாடு பெருமழையில் மூழ்கியது. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி, மன்னார் வளைகுடாவுக்குச் சென்று அங்கேயே தேங்கியதால் மழை நீடித்தது. ஆகவே நகர்வு வேகம் மணிக்கு 10 கிலோமீற்றருக்குக் கீழே இறங்குகிறது என்ற வரி அறிவித்தலில் வந்தால், காற்று வலுவற்றதாக இருந்தாலும் வெள்ளத்துக்கே முதலில் ஆயத்தமாக வேண்டும். இப்பருவத்தில் மேல்வளிக் காற்று பெரும்பாலும் மேகக் கூட்டத்தை மையத்திலிருந்து மேற்கும் வடமேற்குமாகத் தள்ளிவிடுவதால், மையம் திருகோணமலைக் கடலில் இருக்கும்போதே கனமழை நம் தலைக்கு மேலே நிற்கக்கூடும்.

பாதை எந்தப் பக்கம் என்பதைக் காற்றே சொல்லும். நமது அரைக்கோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்வதால், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழமுக்கத்தின் மையம் இடக்கைப் பக்கமாக இருக்கும். வடகிழக்கு வாடை வலுத்து, பின்னர் கிழக்குக் காற்றான கொண்டலாகி, அதன்பின் தென்கிழக்குக்குத் திரும்பினால் மையம் நமக்குத் தெற்காகக் கடக்கிறது. வாடை வடக்குக்கும் வடமேற்குக்கும் மாறி மேற்குக் காற்றாகினால் மையம் கிழக்கே ஏறி வடக்காகப் போகிறது. திசை மாறாமல் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனால் அது நம்மை நோக்கி வருகிறது என்று கொள்ள வேண்டும்.

அமுக்கத்தைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். பல தொலைபேசிகளில் அமுக்க உணரி இருக்கிறது. இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்காவிட்டால் வீண் பீதிதான் மிஞ்சும். வெப்பவலய நாடுகளில் அமுக்கம் காலையும் இரவும் பத்து மணியளவில் உயர்ந்து, அதிகாலையும் மாலையும் நான்கு மணியளவில் தாழ்வது நாளாந்த வழக்கம். வானம் தெளிந்த நாளிலும் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கும். அதனால் மாலை நான்கு மணி அளவை அன்று காலை பத்து மணி அளவோடு ஒப்பிடக் கூடாது, முதல்நாள் மாலை நான்கு மணி அளவோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு கொப்பியில் நேரம், அமுக்கம், காற்றுத் திசை ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள். ஒரே நேர அளவுகளுக்கிடையே 3, 4 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால் தாழமுக்கம் உண்மையாகவே நெருங்குகிறது.

இனி இதனை ஊர்வாரியாகப் பிரிக்க வேண்டும். மையம் தெற்காகப் போனால் குடாநாடு சூறாவளியின் வலப்பக்கத்தில், காற்று மிகுந்த பக்கத்தில் இருக்கும். அப்போது கொண்டல் கடலை நேரே வடமராட்சி கிழக்கின் மீது தள்ளும். மணற்காடு, தாளையடி, வெற்றிலைக்கேணிக் கரைகளில் வள்ளங்களையும் வலைகளையும் முதல்நாளே மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். வடக்காகப் போனால் மாதகல், காரைநகர், நெடுந்தீவுக் கரைகள் அலைக்கு முகம் கொடுக்கும். காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும் ஆழம் குறைந்த கடனீரேரியின் நீர் குருநகர், நாவாந்துறைப் பக்கம் ஒதுங்கும். எந்தப் பாதையானாலும் குறிகட்டுவான் படகுச் சேவை நின்றுவிடும் என்பதால், நெடுந்தீவில் உள்ள கர்ப்பிணிகளையும் நோயாளரையும் காற்று எழுவதற்கு முன்பே இக்கரைக்கு அழைத்து வருவதுதான் பாதுகாப்பு.

மழையின் பாதிப்பு நிலத்தைப் பொறுத்தது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில், ஒரு பரப்புக் காணியில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 25,000 லீற்றர் நீர் விழும். வலிகாமத்துச் செம்மண்ணும் அதன் அடியிலுள்ள சுண்ணக்கல்லும் அதில் பெரும்பங்கை விரைவில் உறிஞ்சிவிடும். அங்கே முதலில் அழிவது நீர்வேலி வாழைத் தோட்டங்கள் போன்றவைதான். குலை தள்ளிய வாழை 50 கிலோமீற்றர் காற்றுக்கே முறிந்துவிடும். வழுக்கையாற்றுப் படுகை, தென்மராட்சி வயல்கள், மதவுகள் மூடப்பட்ட நகர்ப்புறத் தாழ்நிலங்கள் ஆகியவற்றில் நீர் தேங்கும். வெள்ளத்தைக் கடலுக்கு விடும் தொண்டைமானாற்றின் கதவுகளைத் திறந்தாலும், வடக்குக் காற்று கடல் மட்டத்தை உயர்த்தியிருக்கும் வேளையில் வெள்ளம் எளிதில் வடியாது. அந்த நாட்களில் மழை ஓய்ந்த பின்னரும் நீர்மட்டம் இறங்கத் தாமதமாகும் என்று சேர்த்தே அறிவிக்க வேண்டும். கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் செய்தி கண்டாவளைப் பக்கத்து மக்களுக்குத்தான் உடனடி ஆபத்து என்றாலும், உறவினர் அங்குள்ள யாழ்ப்பாணத்தவர் அதனையும் கவனித்திருக்க வேண்டும்.

சனசமூக நிலையமோ கடற்றொழிலாளர் சங்கமோ அறிவித்தல் எழுதும்போது, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை, எந்தக் குறிச்சிக்கு, என்ன நேரக்கூடும், அது எவ்வளவு உறுதி என்ற நான்கும் இருக்க வேண்டும். “கனமழை பெய்யலாம், அவதானமாக இருக்கவும்” என்பதால் ஒருவருக்கும் பயனில்லை. “இன்று இரவு பத்து மணிக்குப் பின் கொண்டல் வலுக்க வாய்ப்பு அதிகம், கடற்கரை வீதிக்குக் கிழக்கே உள்ளோர் மாலை ஆறு மணிக்குள் பாடசாலைக்குச் செல்லவும்” என்று எழுதினால் மக்கள் எழுந்து நடப்பார்கள். வெளியேறும்படி கிராம அலுவலர் கூறினால் நமது கணிப்பு வேறாக இருந்தாலும் அதன்படியே நடக்க வேண்டும். அவசர உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. வெள்ளம் ஏறிய கிணறுகளை இறைத்து, பொதுச்சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடும்வரை அந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது என்பதையும் அதே அறிவித்தலில் சேருங்கள், ஏனெனில் புயல் போன பின் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத வேளையில் இரண்டாவது அறிவித்தல் எல்லோரையும் சென்றடையாது.