வேகத்தடையில் ‘டொக்’ என்கிறதா? ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷை நீங்களே மாற்றலாம்

குழியில் இறங்கி ஏறும்போது காரின் முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம் வந்தால், ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றுதான் முதலில் நினைப்போம். பல சமயம் குற்றவாளி அதுவல்ல. ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ரப்பர் புஷ்களாகவோ, பாரின் நுனியில் இருக்கும் லிங்க் ராடாகவோ இருக்கும். கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம்.

இந்த பார் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். ‘ப’ போல வளைந்த எஃகுக் கம்பி அது. நடுப்பகுதியை இரண்டு புஷ்ஷும் கிளாம்பும் சப் ஃபிரேமோடு (முன்பக்க பாகங்களைத் தாங்கும் இரும்புச் சட்டம்) பிடித்திருக்கும். இரண்டு நுனிகளையும் லிங்க் ராடுகள் இடது, வலது ஸ்ட்ரட்டோடு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) இணைக்கும். வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் மேலே போக, மற்றது கீழே இறங்கும். அப்போது பார் முறுக்கிக்கொண்டு, வண்டி சாய்வதைக் குறைக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அதற்கு வேலையே இல்லை, புஷ்ஷுக்குள் சும்மா சுழலும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் இதுவே வழி. வேகத்தடையில் ஒருமுறை நேராக ஏறுங்கள். அடுத்த முறை கொஞ்சம் சாய்வாக, ஒரு சக்கரம் முந்தி ஏறும்படி போங்கள். சாய்வாகப் போகும்போது மட்டும் சத்தம் கூடினால் பார் பக்கம் சந்தேகப்படலாம். அப்புறம் வண்டியை நிறுத்திவிட்டு லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினாலோ, அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ அதையும் வாங்கிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய மாருதி 800 போன்ற சில வண்டிகளில் இந்த பார்தான் லோயர் ஆர்மை (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும், தனி லிங்க் ராடு கிடையாது. அங்கே கழற்றும் முறையே வேறு. கீழே சொல்வது லிங்க் ராடு உள்ள வண்டிகளுக்கு மட்டும்.

வாங்க வேண்டியவை

புஷ் எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரே மாடல் வண்டியிலேயே வேரியன்ட்டுக்கு ஏற்ப பாரின் தடிமன் மாறலாம் என்பதால், புஷ் உட்காரும் இடத்தில் வெர்னியர் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். 1 மி.மீ. பெரிய புஷ் போட்டால் பழைய சத்தம் அப்படியே இருக்கும். தினசரி ஓட்டும் வண்டிக்கு ரப்பரே போதும். பாலியூரித்தேன் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் வரும் புஷ் நன்றாக உழைக்கும், ஆனால் கிரீஸ் காய்ந்ததும் கீச்சிட ஆரம்பிக்கும். எனக்கு அது ஒத்துவரவில்லை.

கருவிகள்: ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், ராட்செட்டும் சாக்கெட்டும், ஸ்பேனர், அலன் கீ, டார்க் ரெஞ்ச், கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே. ஸ்பிரேயை முந்தின நாள் இரவே நட்டுகளில் அடித்து விடுங்கள்.

தூக்கும்போதே பாதி வேலை முடியும்

முதல் முறை செய்தபோது நான் ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினேன். ஒரு சக்கரம் தொங்க, இன்னொன்று தரையில் அழுந்த, பார் நன்றாக முறுக்கிக்கொண்டு நின்றது. கிளாம்ப் போல்ட் கடைசி மரை விட்டதும் பார் படாரென்று விலகியது. விரல் தப்பியது அதிர்ஷ்டம். திரும்பப் பூட்டும்போது கிளாம்ப் துளைக்கு நேராக வரவே இல்லை. வம்படியாக முறுக்கி மரையையும் கெடுத்தேன்.

ஆகவே இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைத் தரையிலேயே லேசாகத் தளர்த்திவிட்டு, முன்பக்கம் இருபுறமும் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்து, சக்கரங்களைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். புஷ் மட்டும் மாற்றுவதானால் இரண்டு முன்சக்கரத்தையும் ராம்ப்பில் ஏற்றிவிடுவது இன்னும் சுலபம்.

லிங்க் ராடு

நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ஸ்டட்டும் (மரை போட்ட தண்டு) சேர்ந்து சுற்றும். அதன் நுனியில் உள்ள அறுகோணக் குழியில் அலன் கீயை நுழைத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரால் நட்டைக் கழற்ற வேண்டும். முதலில் குழியில் இருக்கும் மண்ணைச் சுரண்டுங்கள். அலன் கீ அரைகுறையாக உட்கார்ந்தால் குழி மழுங்கிவிடும். மழுங்கிவிட்டால் நட்டை அறுப்பதுதான் வழி. பிரேக் ஹோஸ் பக்கத்திலேயே இருக்கும், கவனம்.

புஷ்

கிளாம்ப் போல்டுகளைக் கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புஷ்ஷின் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியம், புதியதும் அப்படியே உட்கார வேண்டும். பழையதை உருவிவிட்டு, அந்த இடத்தில் பாரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். துருவோடு பூட்டினால் புது ரப்பரை அது அரத்தைப் போல ராவிவிடும்.

ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிப்போகும். நுழைய மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும். பாலியூரித்தேனுக்குக் கூடவே வரும் சிலிக்கான் கிரீஸைத் தடவுங்கள். கிளாம்பை வைத்து, போல்டுகளை முதலில் விரலாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள்.

பாரையே மாற்றுவதானால் லிங்க் ராடு, கிளாம்ப் இரண்டையும் கழற்றி ஒரு பக்கமாக உருவ வேண்டும். பழையதையும் புதியதையும் தரையில் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வளைவு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுங்கள். சில கார்களில் சப் ஃபிரேமை இறக்காமல் பார் வெளியே வராது; அப்படியானால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். தடித்த பார் போடும் ஆசை வந்தால் ஒரு கணக்கு: விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் (விட்டத்தை நான்கு முறை தன்னோடு பெருக்கிய கணக்கில்) ஏறும். 22 மி.மீ. பாரை 24 ஆக்கினால் விறைப்பு சுமார் 40 சதவீதம் கூடும். முன்பக்கம் மட்டும் அப்படிக் கூட்டினால், வேகமாகத் திரும்பும்போது வண்டி வளைவுக்கு வெளியே தள்ளும்.

கடைசி முறுக்கு

சக்கரங்களைப் பூட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள், அல்லது ராம்ப்பில் ஏற்றுங்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பானெட்டை நாலு முறை அழுத்தி விடுங்கள். வண்டி எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் கிளாம்ப் போல்டையும் லிங்க் நட்டையும் முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், சில வகை புஷ்கள் எந்நேரமும் முறுக்கியே இருந்து சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்குவது என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சில் வையுங்கள். லிங்கின் லாக் நட் ஒருமுறை கழற்றினால் புதிதுதான்.

ரெண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் மறுபடி சோதியுங்கள். சப் ஃபிரேமைத் தொடாதவரை இந்த வேலைக்காக வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டியதில்லை, யாராவது கட்டாயம் என்று சொன்னாலும்.