தலைச்சுற்றோடு தாயகம் போகிறவர்களுக்கு

வெஸ்டிபுலர் மைக்ரேன், அதாவது தலைச்சுற்றலாக வரும் மைக்ரேன், உள்ளவர்களைப் பெரும்பாலும் படுத்துவது விமானம் அல்ல, இறங்கிய பிறகு வரும் முதல் சில நாட்கள்தான். தூக்கம் கெட்டிருக்கும், சாப்பாட்டு நேரம் மாறியிருக்கும், உடம்பில் நீர் குறைந்திருக்கும், வெளிச்சமும் சத்தமும் ஆட்களும் ஒரேயடியாக வந்து சேரும். இதில் ஒன்றே போதும் பலருக்குத் தலை சுற்ற. அதனால் டிக்கெட் போடும்போதே முதல் இரண்டு மூன்று நாட்களை வெறுமையாக விட்டுவிடுங்கள். விசேஷத்துக்கு முந்தின நாள் போய் இறங்குவது வேண்டவே வேண்டாம்.

மருந்தெல்லாம் கைப்பையில், அதன் பெட்டியோடேயே இருக்கட்டும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் மருந்தின் மூலப்பெயரும் அளவும் எழுதிய மருத்துவர் கடிதம் ஒன்று கையில் இருக்க வேண்டும். சில மருந்து சில நாடுகளில் கிடைக்கவே கிடைக்காது. மைக்ரேன் வராமல் தடுக்கப் பலர் தினமும் எடுக்கும் ஃப்ளூனாரிசின் அமெரிக்காவில் விற்பனையில் இல்லை. கோடீன் கலந்த வலி மாத்திரைக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு, தூதரகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். இப்படி மைக்ரேனைத் தடுக்க எடுக்கும் மாத்திரையைப் பயணத்துக்காக நிறுத்தாதீர்கள், நேர வித்தியாசத்துக்கு ஏற்ப எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். சின்னாரிசின், புரோகுளோர்பெராசின் மாதிரி சுற்றலை அடக்கும் மாத்திரைகளை அவசரத்துக்கு ஓரிரு நாள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து போட்டால் மூளை தானாகச் சமநிலைக்குப் பழகிக்கொள்வது தாமதமாகும்.

விமானத்தில் இறக்கைக்குப் பக்கத்து இருக்கையில் ஆட்டம் குறைவு. காரில் முன் இருக்கை, பார்வை தூரத்தில், போன் பைக்குள். இறங்கியபின் தரை மிதப்பதுபோல் ஓரிரு நாள் இருக்கலாம், பயப்பட வேண்டாம்.

சொந்தக்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது: இது மைக்ரேன், தலைவலி இல்லாமலும் வரும், ஐந்து நிமிடத்திலும் போகும், மூன்று நாளும் நீடிக்கும், அப்போது இருட்டான அமைதியான அறை போதும். வெளியே பார்க்க நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள், அதனால் சொல்லாவிட்டால் யாருக்கும் புரியாது. உங்கள் உடம்புக்காக ஒரு அழைப்பை மறுப்பது மரியாதைக் குறைவு இல்லை.

மாதக்கணக்கில் தினமும் தள்ளாட்டம் உள்ளவர்களுக்குக் கூட்டமும் நகரும் காட்சிகளும்தான் பெரிய சிரமம். அதற்காக அறைக்குள்ளேயே இருந்துவிட்டால் சிரமம் அதிகமாகத்தான் செய்யும். காலையில் கொஞ்ச தூரம் நடங்கள், கூட்டத்தில் ஓரமாக நில்லுங்கள், சமநிலைப் பயிற்சியை அங்கேயும் விடாதீர்கள்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது இந்த நோயை மறைக்காமல் எழுதுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: எல்லாச் சுற்றலும் உங்கள் பழைய சுற்றல் அல்ல. படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடி சுற்றினால் அது காதுக்குள் துகள் இடம் மாறியதாக இருக்கலாம், தலையைத் திருப்பிச் செய்யும் எப்லி முறையில் பெரும்பாலும் சரியாகும். ஆனால் சுற்றலோடு பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், ஒரு பக்கம் பலமிழந்தால், நிற்கவே முடியாமல் போனால், பழைய மைக்ரேன்தான் என்று படுத்துக்கொள்ளாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.